நின்ற பன்றியும் நிற்காத பன்றியும்

கீழ்க்காட்டுக் குளக்கரைப் பள்ளியில் சுருளி என்றொரு குரங்கு படித்துக்கொண்டிருந்தான். படித்துக்கொண்டிருந்தான் என்பது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் மாங்காய் எறிவான், மாலையில் மாங்காய் எறிவான். நடுவில் மற்றவர்கள் பாடம் படிக்கும்போது கிளையில் படுத்துத் தூங்குவான்.

அந்தக் காட்டில் மாங்காய் ஆட்டம் என்றால் எல்லோருக்கும் உயிர். ஆட்டம் இதுதான். எறிகிறவன் நடுவில் நிற்பான். எதிரணிப் பன்றிகள் அவனை முட்டித் தள்ள ஓடிவரும். அவை வந்து சேர்வதற்குள், தன் அணி மான்களில் எது தடையில்லாமல் ஓடுகிறது என்று பார்த்து, அதை நோக்கிக் காயை எறிய வேண்டும். மான் அதைக் கவ்விக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினால் வெற்றி. கவ்விய காயைத் தின்றுவிட்டால் தோல்வி. மான்களுக்கு இந்த இரண்டாவது விதியைக் கற்றுக்கொடுக்கத்தான் ரொம்ப நாளானது.

சுருளியின் கை அபாரமான கை. குளத்தின் இக்கரையிலிருந்து எறிந்தால், கொக்குகள் கழுத்தைத் திருப்புவதற்குள் காய் அக்கரையில் இருக்கும். அவன் ஆட்டம் என்றால் பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். வருகிறவர்கள் கரடி வாத்தியாருக்குத் தேனடை கொண்டுவருவார்கள். வாத்தியாரின் தொப்பை சுருளி ஆட வந்த இரண்டு வருஷத்தில்தான் அவ்வளவு முன்னே வந்தது.

அப்படிப்பட்ட கைக்கு அடிபட வாத்தியார் விடுவாரா? பயிற்சியின்போது சுருளியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். உறுமி என்ற பன்றிக்குட்டி பாய்ந்து ஓடிவருவான். சுருளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் சட்டென்று நின்று உட்கார்ந்துவிடுவான். சுருளி நிதானமாகக் குறிபார்த்து எறிவான். மற்றப் பள்ளிகளின் பன்றிகளோ பாதி வழியில் கிழங்கு வாசனை வந்தால் அங்கேயே தோண்ட ஆரம்பித்துவிடும். ஆக, பன்றி என்றால் கடைசியில் நிற்கிற பிராணி என்றே சுருளி நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு கோடையில் நல்லதம்பி என்ற நரி வந்தான். மேல்காட்டுப் பெரிய அணிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். அங்கே எறிகிறவனுக்கு ஒரு முழு அத்திமரத்தையே கொடுக்கிறார்கள் என்றான்.

“மரம் பூரா உனக்குத்தான் தம்பி. கீழே விழுற பழம் மட்டும் எனக்குப் போதும்.”

பழுத்த அத்தி எல்லாம் கீழேதான் விழும் என்பது சுருளிக்கு அப்போது உறைக்கவில்லை.

விஷயம் பரவியதும் காடே இரண்டாகப் பிரிந்தது. சுருளி உடனே போக வேண்டும் என்றது மரங்கொத்தி. இன்னும் இரண்டு வருஷம் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றது ஆந்தை. இரண்டும் விடிய விடிய வாதாடின. இதில் மரங்கொத்தி மரத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற நேரத்தில் ஆந்தை தூங்கும்.

கரடி வாத்தியார் சுருளியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, கல்விதான் பெரிது, அவசரப்படாதே என்று உருக்கமாகப் பேசினார். பேசும்போது அவர் மீசையிலிருந்து தேன் சொட்டியது.

அம்மா மட்டும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. காய்ந்த புளியமரத்தில் உட்கார்ந்து, கிடைத்த கொழுந்தைச் சின்னக் குட்டிகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்ததும் சுருளி போவதென்று முடிவு செய்துவிட்டான்.

புறப்படுகிற அன்று உறுமி வழியை மறித்தான்.

“போறதும் இருக்கறதும் உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் நின்னேன், அதனால நீ எறிஞ்ச. நான் நிக்கலன்னா நீ என்ன செய்வன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.”

பொறாமை பிடித்தவன் என்று சுருளி மனசுக்குள் திட்டிக்கொண்டான். எறியக் கையே இல்லாதவன் வேறு என்ன பேசுவான்?

மேல்காட்டில் முதல் ஆட்டம். மலைச்சரிவு முழுக்கக் கூட்டம். ஆட்டம் தொடங்கியதும் எதிரணியிலிருந்து தந்தம் முளைத்த பெரிய பன்றி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தது. சுருளி அதைப் பார்த்தான். பயப்படவில்லை, நகரவும் இல்லை. இதோ நிற்கப்போகிறது, உட்காரப்போகிறது என்று காத்திருந்தான். கிட்டே வந்ததும் பழக்க தோஷத்தில் சிரிக்கக்கூடச் செய்தான்.

பன்றி நிற்கவில்லை.

சுருளி கண் விழித்தபோது முட்புதருக்குள் கிடந்தான். வலது தோள் இறங்கியிருந்தது. நல்லதம்பி வந்து தோளை ஒருதரம் தொட்டுப் பார்த்தான். “உனக்கு நேரம் சரியில்ல தம்பி” என்று சொல்லிவிட்டு, அடுத்த குரங்கைத் தேடிப் போய்விட்டான். அத்திமரமும் வேறொருவனுக்குப் போனது. அம்மா அதில் ஒரு பழத்தைக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினான் சுருளி. கரடி வாத்தியார் எல்லா மாணவர்களையும் கூட்டி நிறுத்தி அவனைச் சுட்டிக்காட்டினார். இரு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டானா, பாருங்கள் என்றார். விட்டுப் போனவனுக்கு இங்கே இடமில்லை என்றும் சொல்லி அனுப்பினார். அன்று மாலையே புதிதாக எறிய வந்த குரங்கை நடுவில் நிறுத்தி, அவனை யாரும் தொடக்கூடாது என்று பன்றிக்குட்டிகளுக்கு உத்தரவு போட்டார்.

சுருளி வறண்ட ஓடையில் போய் உட்கார்ந்து அழுதான். அங்கேயும் உறுமி வந்தான். சொன்னேனே பார்த்தாயா என்று அவன் கேட்கவில்லை. அதுவே சுருளிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

“கை ஆறட்டும். தினம் வரேன். இந்த வாட்டி நிக்க மாட்டேன்.”

உறுமி சொன்ன சொல் தவறவில்லை. கை ஆறியதும் தினமும் ஓடிவந்து முட்டினான். சுருளி மணலில் உருண்டான், எழுந்தான், மறுபடி உருண்டான். உடம்பெல்லாம் வலித்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் நகரக் கற்றது. கண் ஒரே மானைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இருபுறமும் ஓடக் கற்றது. புள்ளி என்ற மான் பள்ளி முடிந்ததும் வந்து காயைக் கவ்வ ஓடினாள். சில நாள் தின்றும்விட்டாள். இதற்குள் உறுமி குட்டியாக இல்லை. தந்தம் முளைத்து, பாறை மாதிரி ஆகியிருந்தான்.

செய்தி காட்டில் கசிந்தது. ஒரு நாள் நரியும் கரடியும் ஒரே நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லதம்பி ஒரு கையைப் பிடித்து இழுத்தான். வாத்தியார் மறு கையைப் பிடித்து இழுத்தார். மேல்காட்டுக்கு வா தம்பி என்றான் அவன். பள்ளிக்குத் திரும்பி வா கண்ணா, பழையதை மறந்துவிட்டேன் என்றார் இவர்.

சுருளி இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு ஒரு மாங்காயை எடுத்தான். “ரெண்டு பேரும் ஓரமா நில்லுங்க. உறுமி வரான்.”

இருவரும் நகரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பன்றிகள் எல்லாம் ஆட்டத்தில் இல்லாதவர்களை முட்டாத பன்றிகள்.

உறுமி வந்தான். சுருளி கடைசி நொடியில் துள்ளி விலகி, காற்றில் இருந்தபடியே எறிந்தான். புள்ளி ஓடையின் மறுகோடியில் காயைக் கவ்வினாள். நரி இலந்தைப் புதருக்குள் போய் விழுந்தான். வாத்தியார் பொத்தென்று மணலில் உட்கார்ந்தார். அவரை எழுப்ப ஆள் தேவைப்பட்டது.

சுருளி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. “இப்ப போகலாமா?” என்று உறுமியைக் கேட்டான்.

உறுமி மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தான். “இடது பக்கம் இன்னும் லேட்டாதான் பாக்கற. மழை முடியட்டும், போவோம்.”

மழை முடிந்ததும் இருவரும் நரியின் துணை இல்லாமலே மேல்காட்டுக்குப் போனார்கள். அடுத்த கோடையில் சுருளியின் அம்மா, அவனுக்குக் கிடைத்த அத்திமரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்து, முதல் பழத்தைத் தானே தின்றாள். நல்லதம்பி வந்து மரத்தடியில் தேடினான். ஒரு பழம்கூட அகப்படவில்லை. விழுந்ததையெல்லாம் உறுமி தின்று முடித்திருந்தான்.

இரு என்பவனும் போ என்பவனும் தன் வயிற்றைப் பார்த்துச் சொல்லலாம். உனக்கு இன்னும் எது தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனே உனக்கு வேண்டியவன்.