இறங்க வேண்டாம் என்றது பலகை

முன்னொரு காலத்தில், அடிவாரத்தில் சந்தையும் உச்சியில் சபையுமாக ஒரு மலை ராஜ்ஜியம் இருந்தது. நடுவே நூற்றெட்டுப் படி. ஊரார் மூட்டையோடு ஏறுவார்கள்; மந்திரிமார் பல்லக்கில் ஏறுவார்கள். ஒருநாள் தலைமை மந்திரி செண்பகராயர் உட்கார்ந்ததும் ஆசனம் மளுக்கென்று முறிந்தது. ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"மந்திரிகள் இனிச் சொந்தக் காலில் ஏறி வரவேண்டும். ஆனால் நாம் ஆணையிட மாட்டோம். படியடியில் ஒரு பலகை வைப்போம். அதைப் படித்துத் தாமாகவே நடக்க வேண்டும். எழுதுவது யார்?"

விகடகவி சடையாண்டியைச் செண்பகராயருக்குக் கண்ணிலே காட்டக் கூடாது. "சடையாண்டியே எழுதட்டும், அரசே. நட என்றோ ஏறு என்றோ ஏவக்கூடாது. தண்டனை சொல்லி மிரட்டவும் கூடாது. மூன்று நாளில் நான் நடக்காவிட்டால், ஆயுள் முழுக்க அவன் என் பல்லக்கைச் சுமக்கட்டும்!"

"அப்படியே ஆகுக" என்றார் ராஜா.

சடையாண்டி மூட்டை தூக்கிப் பிழைத்த வீட்டில் பிறந்தவன். சுமை என்றால் என்னவென்று அவன் தோளுக்குத் தெரியும். நேரே செண்பகராயரின் பல்லக்குத் தூக்கும் முத்திருளனிடம் போனான்.

"ஏம்ப்பா, அவரைத் தூக்குறப்ப என்ன நெனப்ப?"

"என்னத்த நெனக்கறது? பொணத்தத் தூக்குனா ஒரு தடவையோட போச்சு. இவரு தெனமும்ல வர்றாரு!"

சடையாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் படியடியில் பலகை நின்றது:

'நாலு பேர் தூக்கி வருகிறவர்கள் இறங்க வேண்டாம். சங்குக்குச் சொல்லியாயிற்று.'

செண்பகராயரின் பல்லக்கு வந்தது. சந்தை ஒதுங்கி வழிவிட்டது. பூக்காரி அங்காயி ஒரு கைப் பூவைப் பல்லக்கின் மேல் தூவி, "நேத்து வரைக்கும் நல்லாத்தானய்யா இருந்தாரு!" என்று மூக்கைச் சிந்தினாள்.

"அடியே, உயிரோடுதான் இருக்கிறேன்!" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஆனாலும் அவர் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் ஆறு பேர் தூக்கி வந்தார்கள். "பலகையில் நாலு பேர்தானே? எனக்கு ஆறு பேர்!"

"பாவம், கனத்த ஒடம்பு. நாலு பேருக்கு அடங்கல" என்றாள் அங்காயி. வெற்றிலைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் எதிரே சங்கோடு ஒருவர் வந்து பணிவாகக் கேட்டார்: "எந்தச் சுடுகாடுங்க?"

அவ்வளவுதான். செண்பகராயர் குதித்தார். நூற்றெட்டுப் படியையும் ஒரே ஓட்டமாக ஏறிச் சபையில் வந்து விழுந்தார்.

"அரசே... மிரட்டல்... அபசகுனம்..."

"இறங்க வேண்டாம் என்றுதானே எழுதினேன், அரசே?" என்றான் சடையாண்டி. "சொன்ன பேச்சைக் கேட்காமல் இறங்கியது அவர் தப்பு."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். "என்ன வேண்டும், கேள்!"

"இவர்கள் நடந்துவிட்டால், தூக்கியவர்கள் பட்டினி கிடப்பார்கள். அவர்களுக்கு அளக்கும் அரிசி குறையக் கூடாது."

"தந்தோம். உனக்கு? செண்பகராயரின் பல்லக்கு இனிச் சும்மாதானே கிடக்கும், எடுத்துக்கொள்."

"என்ன அவசரம், அரசே? வேளை வந்தால் நாலு பேர் வராமலா போவார்கள்?"

ராஜா மறுபடி சிரித்துத் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சபை கலைந்தது. வாசலில் ராஜாவின் பல்லக்கு காத்திருந்தது. நாலு மூலையிலும் நாலு பேர். ராஜா அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"நீங்கள் முன்னால் போங்கள்" என்றார். "நாம் நடந்தே வருகிறோம்."