ஏலத்தில் எடுத்த ஆஸ்டின்

கோத்தகிரிச் சரிவில் ஓர் ஆசிரமம் இருந்தது. குருவின் பெயர் திலகவதி. அவருடைய சீடர்களில் நல்லசிவம் என்பவர் குருவைவிட இருபது வயது மூத்தவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமதி இறந்தபின் திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

ஒருநாள் பக்கத்து எஸ்டேட் பங்களாவில் சாமான்களை ஏலம் விடுவதாகத் தெரிந்தது. சமையலறைக்குப் பெரிய அண்டா ஒன்று தேவைப்பட்டது. குருவும் நல்லசிவமும் நடந்தே போனார்கள்.

பங்களா ஹெலன் அம்மாளுடையது. கணவர் தேவசகாயம் இறந்த பிறகும் அங்கேயே தனியாக இருந்தவர். இப்போது கண் மங்கிவிட்டது. மகள் பியூலா அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போக வந்திருந்தாள்.

கட்டில் போயிற்று. சாப்பாட்டு மேசை போயிற்று. அண்டாவை ஓர் ஓட்டல்காரர் எடுத்துக்கொண்டார். கடைசியாக ஷெட்டுக் கதவைத் திறந்தார்கள். உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஆஸ்டின் கார் நின்றது.

"ஓடுமா?" என்று கேட்டார் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த பழைய இரும்பு வியாபாரி.

ஏலக்காரர் பதில் சொல்லுமுன் ஹெலன் அம்மாள் கதவைத் தடவித் திறந்து உள்ளே உட்கார்ந்தார். சாவியைத் திருகி ஒரு குமிழை இழுத்தார். இஞ்சின் இரண்டு முறை செருமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள்.

"ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? நான் எடைக்குத்தான் எடுக்கிறேன். அறுத்துத்தான் லாரியில ஏத்தணும்," என்றார் வியாபாரி.

வேறு யாரும் கேட்கவில்லை. ஏலக்காரர் ஒரு தரம் என்றார். இரண்டு தரம் என்றார். ஹெலன் அம்மாள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

"நான் எடுத்துக்கறேன்," என்று ஒரு குரல் கேட்டது.

அது தன்னுடைய குரல்தான் என்று நல்லசிவத்துக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. காரின் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"மம்மி, வித்தாச்சு. இறங்குங்க," என்றாள் பியூலா. பிறகு குருவின் பக்கம் திரும்பினாள். "இவங்களுக்கு ஓட்டவே தெரியாதுங்க. தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணுவாங்க, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாங்க, அணைச்சிடுவாங்க. என் பிரசவத்துக்கு வந்தவங்க குழந்தை முகத்தைப் பார்த்துட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டாங்க. ஒரு ராத்திரிகூடத் தங்கல."

"அவர் சொன்னார்," என்றார் ஹெலன் அம்மாள். "ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். 'ஹெலன், வண்டி நின்னுடக் கூடாது'ன்னு. சரின்னேன்."

அவர் நல்லசிவம் நின்ற திசையில் கையை நீட்டினார். நல்லசிவம் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே வாங்கினது? தினமும் ஸ்டார்ட் பண்ணுவேன்னு சொல்லுங்க. ஒருநாள்கூட விடமாட்டேன்னு சொல்லுங்க."

நல்லசிவம் வாயைத் திறந்தார். குரு முந்திக்கொண்டார்.

"அவரால முடியாதும்மா."

நல்லசிவம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஒருநாள் இவருக்குக் காய்ச்சல் வரும். ஒருநாள் மறந்துடுவார். அப்புறம் இவரும் இருக்க மாட்டார். வண்டி நின்னுடும்."

"என்னங்க நீங்க, வயசானவங்ககிட்ட போய்…" என்றாள் பியூலா.

ஹெலன் அம்மாள் குருவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நின்னுடுமா?"

"நின்னுடும்."

"அவருக்கு அது தெரிஞ்சிருக்குமா?"

"வண்டியைப் பத்தி அவருக்குத் தெரியாததா?"

ஹெலன் அம்மாள் சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார்:

"அப்ப நான் போகலாமா?"

"போங்கம்மா."

அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. சாவியை நல்லசிவத்தின் உள்ளங்கையில் வைத்துவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மகள் கொண்டுவந்திருந்த வாடகைக் கார் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அங்கே கதவருகே நின்று பியூலாவிடம், "குழந்தை இப்ப யார் ஜாடை?" என்று கேட்டார்.

பியூலா தாயைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் நல்லசிவம் ஆஸ்டினைக் கிளப்பினார். வேலையில் இருந்த காலத்தில் ஜீப் ஓட்டிய பழக்கம். குரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கார் மெதுவாக இறங்கியது.

நாலைந்து வளைவுகள் தாண்டியதும் நல்லசிவம் காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஒரு வார்த்தைதானேம்மா கேட்டாங்க. நான் சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்க."

"சாகப்போறவர்கிட்ட குடுத்த வாக்கு. அதை விடச் சொல்ல நமக்கு என்ன உரிமை?"

குரு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"நீங்க யாருக்கு என்ன வாக்குக் குடுத்தீங்க?"

நல்லசிவம் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பஸ் ஏறி வந்து, ஒலியெழுப்பிக் கடந்து போயிற்று.

"கோமதி கேட்டா. கடைசி நாள். 'நான் போனப்புறம் நீங்க அழக் கூடாது'ன்னா. சரின்னேன். சுடுகாட்டுலயும் அழல. சொந்தக்காரங்க என்னென்னவோ பேசினாங்க. இவருக்குக் கல்லு நெஞ்சுன்னாங்க. இதுவரைக்கும் அழல."

"சொல்லும்போது அவங்க உங்களைப் பார்த்துட்டு இருந்தாங்களா?"

"ஆமா. என் முகத்தையேதான் பார்த்துட்டு இருந்தா."

"நீங்க அழறதைப் பார்க்க அவங்களுக்குத் தாங்கலை," என்றார் குரு. "அதான் கேட்டிருக்காங்க. இப்ப இங்க பார்க்கறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."