இருபத்திரண்டு மாத்திரைகள்

இந்தக் கதையைக் கேட்பவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஆகவே யார், யாரிடம், என்ன சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இலை உலர்த்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர் சூசைமாணிக்கம். ஒன்பது வருடங்களுக்கு முன் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்துக் கட்டியதுபோல் கனத்தது. தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வற்றியது. கடைசி நான்கு வருடங்களாகப் பரிசோதனையில் நோயின் சுவடே இல்லை. "மாசாமாசம் ரத்தம் பார்த்துக்கிட்டா மாத்திரையை நிறுத்திக்கூடப் பார்க்கலாம். திரும்பி வந்தாலும் பெரும்பாலும் இதே மாத்திரைக்கு அடங்கிடும்" என்று மருத்துவர் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வேணாம் டாக்டர்." காலையில் கண் விழித்ததும் அவர் செய்யும் முதல் வேலை, விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்ப்பது.

அந்த வருடம் ஆடி மழையில் மலைப்பாதை மூன்று இடங்களில் சரிந்தது. செல்போன் கோபுரமும் சாய்ந்தது. சாலை திறக்க மூன்று வாரமாகும் என்றார்கள். இரண்டாம் நாள் மாலை, கொழுந்து பறிக்கும் செவ்வந்தி தொப்பலாக நனைந்து அவர் வீட்டுக்கு வந்தாள். இருபத்தாறு வயது. அவளுக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஆரம்பித்து நான்கே மாதம். வீட்டுச் சுவர் இடிந்ததில் அவளுடைய மாத்திரைகள் சேற்றோடு போய்விட்டன.

"அண்ணே, எனக்கு இன்னும் வீக்கம் முழுசா வத்தல. ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவரிடம் இருந்தவை இருபத்திரண்டு மாத்திரைகள். "நாளைக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் போனதும் மனைவி லூர்தம்மாள் கதவைச் சாத்தினாள். "இல்லைன்னு சொல்லிடுங்க. சின்ன வயசு, எப்படியாவது ஒரு வழி தேடிக்குவா. உங்களுக்கு மறுபடி அது வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

மறுநாள் காலை அவர் தோட்டத்து மருந்தகத்துக்குப் போய் நர்ஸ் கற்பகவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"முழுசையும் அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுங்க" என்றாள் நர்ஸ். "மூணு வாரம் நீங்க நிறுத்தலாம், உங்க டாக்டரே சொன்னதுதானே. பாதி பாதியா மட்டும் பங்கு போட்றாதீங்க. பாதி மருந்து பட்டா நோய் சாகாது, மருந்தைப் பழகிக்கும். அப்புறம் முழு மாத்திரைக்கும் அடங்காது."

"மூணு வாரம் ஒண்ணுமே போடாமலா?"

வீடு வரும்வரை கை விலாவை விட்டு அகலவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். மாத்திரை விழுங்காமல் ஒரு காலையைக் கடக்கவும் முடியாது. பாக்குவெட்டியை எடுத்து இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பிளந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்ற பாதிகளை ஒரு டப்பாவில் போட்டுச் செவ்வந்தியிடம் கொடுத்தார். அவள் அழுதுவிட்டாள்.

"பாதி போதுமாண்ணே?"

"போதும்மா" என்றார்.

ஐந்தாம் நாள், பிரசவ வலி கண்ட ஒருத்தியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஆட்கள் காட்டுப்பாதை வழியாகக் கீழே இறங்கினார்கள். செவ்வந்தியையும் கூப்பிட்டார்கள். "அண்ணன் குடுத்த மாத்திரை இருக்கு" என்று அவள் நின்றுவிட்டாள். இறங்கியவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

சாலை திறந்தது. அடுத்த பரிசோதனையில் சூசைமாணிக்கத்தின் ரத்தம் சுத்தமாக இருந்தது. செவ்வந்திக்கு நோய் ஏறியிருந்தது; முழு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அதற்காவது அடங்குமா என்று தெரியச் சில மாதங்கள் ஆகும்.

அவர் மருத்துவரைத் தனியாகப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, "அந்த மூணு வாரத்தாலயா?" என்று கேட்டார்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

கோவை மருத்துவமனையிலிருந்து திரும்பும் பேருந்தில் செவ்வந்தி பக்கத்தில் இருந்தவர்களிடம் அவரைக் காட்டி, "தன் உசுருல பாதிய எனக்குக் குடுத்தவரு" என்றாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொடுக்காதே என்றாள் மனைவி. முழுதும் கொடு என்றாள் நர்ஸ். பாதி கொடுத்தார் சூசைமாணிக்கம். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நர்ஸ் சொன்னதுதான் சரி. நான்கு வருடமாகச் சுவடில்லாதவர் மூன்று வாரம் தாங்குவார். மருந்து தொடங்கி நான்கு மாதமே ஆனவளுக்கு அது ஆபத்து. லூர்தம்மாளின் 'இல்லை' கல்நெஞ்சாகத் தோன்றலாம். ஆனாலும் அதைக் கேட்டிருந்தால் செவ்வந்தி டோலியோடு இறங்கிப்போய் முழு மாத்திரை வாங்கியிருப்பாள். பாதி கொடுத்தவர்தான் அவளைப் போகவிடாமல் செய்தார், அதுவும் 'போதும்' என்று பொய் சொல்லி. ஆனால் நர்ஸ் சொன்னது சரி என்றேனே தவிர, செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பாதி போடக் கூடாது என்ற எச்சரிக்கையை அவள் சூசைமாணிக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். உயிர் யாருடையதோ அவளிடம் மூவரில் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. ஆகவே சரியாகச் செய்தவர் ஒருவருமில்லை. இன்றுவரை செவ்வந்தியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போக, செவ்வந்தி பேருந்தில் முன்னதாக ஏறி, அண்ணனுக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள்.