எதிர் இருக்கையில் ஆளில்லாத ஆட்டம்

இப்போதெல்லாம் எவனுக்கும் தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரியவில்லை. முறை வந்த பிறகு யோசிக்கவும் தெரியவில்லை. ஆட்டம் என்று உட்கார்ந்ததுமே, கையிலிருக்கும் நல்ல வாள்காரனை எதிரியின் வாசலுக்கு அனுப்பிவிட்டு, 'பார்த்தாயா என் வீரத்தை' என்று சுற்றுமுற்றும் பார்க்கிறான். நாலு பேர் சூழ்ந்து அந்த வாள்காரனை வெட்டிப்போட்டதும், ஆட்டமே மோசடி என்று கத்துகிறான். மோசடிதான். எந்த ஆட்டம் மோசடி இல்லை? அது தெரிந்துதானே உட்கார வேண்டும்?

முன்னொரு காலத்திலும் இதே லட்சணம்தான். அப்போது ஒரு நாடு இருந்தது. அதன் பேரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அதை ஆண்ட ராஜாவுக்கு வேலை குறைவு, ஆசை அதிகம். அவருடைய சபையில் சோணாசலம் என்று ஒரு விகடகவி இருந்தார். வயதானவர், பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர், யாரையும் நம்பாதவர். ராஜா பரிசாக அரிசி கொடுத்தால்கூட, சபையிலேயே மூட்டையை அவிழ்த்துக் கல் இருக்கிறதா என்று பார்ப்பார். ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். தன் போர்க்கதைகளுக்கு ராஜா ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லையே என்று தளவாய் வல்லபராயருக்கு வயிறு எரியும்.

ஒரு கோடையில் அரண்மனையின் பழங்கிணற்றைத் தூர் வாரினார்கள். சேற்றுக்குள்ளிருந்து பெரிய கல்பலகை ஒன்று வந்தது. பலகை நிறையக் கட்டங்கள். சில கட்டங்கள் மேடாக, சில கட்டங்கள் பள்ளமாக. கூடவே ஒரு பானை நிறையக் கறுப்பு மரக் காய்கள். எத்தனையோ காலம் தண்ணீரில் கிடந்தும் அவை ஊறவில்லை. கையில் எடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: காய் வெதுவெதுப்பாக இருக்கிறது, யாரோ மடியில் வைத்திருந்து கொடுத்தது போல.

பலகையின் ஓரத்தில் இருந்த எழுத்தைப் புலவர் வாசித்தார். "இரு பக்கமும் தாம்பூலம் வைக்க. வாயிலிட்டால் முறை தொடங்கும். அம்முறையில் தன் காய் ஒவ்வொன்றையும் ஒருமுறை நகர்த்தலாம். துப்பினால் முறை முடியும். தன் முறைக்குத் தாம்பூலம் எடுக்காதவன் காய் எல்லாம் இழப்பான். எதிரியின் ஒரு காயை வீழ்த்தினால் தான் இழந்த ஒன்று மீளும்." கடைசி வரியைப் புலவர் குரலைத் தாழ்த்தி வாசித்தார். "ஒருவர் உடுத்த துணியின் நூலைச் சுற்றினால் காய் அவராகும்."

புத்தியுள்ள ராஜா என்றால் பலகையைத் திரும்பக் கிணற்றில் போட்டிருப்பார். இந்த ராஜா கைதட்டினார். "நம் அரண்மனை ஆட்களே நமக்குப் படையாகட்டும்!"

யானைப்பாகன் காளிநாகனின் தலைப்பாகையிலிருந்து ஒரு நூல், முரசடிக்கும் சங்கிலியின் வேட்டியிலிருந்து ஒரு நூல் என்று பறித்துவந்து சுற்றினார்கள். நூல் மரத்துக்குள் இறங்கி மறைந்தது. மரத்தில் முகம் வந்தது. வாயிற்காவலன் பெரியகருப்பன் கேடயக்காரன் ஆனான். காய்கறி நறுக்கும் அப்பாவு வாள்காரன் ஆனான். தோட்டத்தில் கிளி விரட்டும் மங்கான் வில்காரன் ஆனான்.

"படைக்கு மருத்துவச்சி வேண்டாமா?" என்று தளவாய் பணிவாகக் கேட்டார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சேலையிலிருந்து தன் கையாலேயே நூல் உருவினார். அது அரண்மனை மருத்துவச்சி சிவனம்மாளின் சேலை. சிவனம்மாள் சோணாசலத்தின் மனைவி.

முதலில் ஆட உட்கார்ந்தவரும் தளவாய்தான். நூல் சுற்றாத மீதிக் காய்களை எதிர்ப்பக்கம் அடுக்கினார்கள். அங்கே பேருக்கு ஓர் இருக்கை போட்டு, தட்டில் வெற்றிலை வைத்து, துப்புவதற்குப் படிக்கமும் வைத்தார்கள். யாரும் உட்காரவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாயில் வெற்றிலையோடு ராஜாவிடம் பேசக்கூடாது. தளவாய் பாகனைத் துணையில்லாமல் வெகுதூரம் முன்னால் தள்ளினார். மற்ற காய்களை இன்னும் தொடக்கூட இல்லை. அதற்குள் ராஜா, "எப்படி இருக்கிறது தளவாய்?" என்று கேட்டுவிட்டார். ராஜா கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? தளவாய் அவசரமாகத் துப்பிவிட்டு, "வெற்றி நமதே, மகாராஜா!" என்றார்.

எதிர்த்தட்டில் இருந்த வெற்றிலையைக் காணோம். காலி இருக்கையிலிருந்து மெல்லும் சத்தம் வந்தது. அவசரமில்லாத, ருசித்து மெல்லும் சத்தம். எதிர்க் காய்கள் கல்லின்மேல் உரசிக்கொண்டு நகர்ந்து வந்து பாகனைச் சூழ்ந்தன. பாகன் சாய்ந்தான். எதிர்ப் படிக்கத்தில் சொத்தென்று சிவப்பாக எச்சில் விழுந்தது. யானைக் கொட்டடியில் காளிநாகன் கண்ணைத் திறந்தபடியே மல்லாந்து கிடந்தான். மூச்சு இருந்தது, ஆள் இல்லை.

அடுத்த முறையிலும் தளவாய் பேசித் துப்பினார். சங்கிலியும் போனான். மறுபடி முறை வந்தபோது தட்டிலிருந்த வெற்றிலையைத் தொடத் தளவாய்க்குக் கை எழவில்லை.

"மகாராஜா, இது புத்திக்கூர்மை வேண்டிய ஆட்டம்," என்றார். "சபையிலேயே புத்திசாலி சோணாசலம்தானே? அவரை ஆடச் சொல்லலாம்."

சோணாசலம் வந்து பலகையைப் பார்த்தார். மருத்துவச்சிக் காயைப் பார்த்தார்.

"இதுல எம் பொண்டாட்டி மூஞ்சி எப்படிய்யா வந்துச்சு?"

தளவாய் மேற்கூரையைப் பார்த்தார். ராஜா சொன்னார்: "சோணாசலம், இனி ஒரு காயும் விழக்கூடாது. விழுந்தவர்களும் எழ வேண்டும். ஆட்டத்திலும் நான் தோற்றதாகப் பேச்சு வரக்கூடாது. இது என் ஆணை. தவறினால் உன் தலை இருக்காது."

"தல போனா போகட்டும். அவ போனா எனக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல," என்றார் சோணாசலம்.

செய்தி கேட்டு ஓடிவந்த சிவனம்மாள் தூணோரம் நின்றாள். "வீட்டுல ஒரு விறக நகத்த மாட்டீரு. இங்க காய் நகத்த வந்துட்டீராக்கும்?"

"சும்மா இரு புள்ள. ஒன்னையத்தான் நகத்தப் போறேன்."

"என்னைய முன்னால அனுப்பிறாதீரும், சொல்லிட்டேன்."

சோணாசலம் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாக் காய்களையும் பின்னுக்கு இழுத்தார். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. அதில் கேடயக்காரன் பெரியகருப்பனை நிறுத்தினார். அவன் முதுகுக்குப் பின்னால் அப்பாவு. மேட்டின் மேல் மங்கான். எல்லோருக்கும் பின்னால், யாருக்கும் எட்டாத மூலையில் சிவனம்மாள்.

"இதென்ன, புறமுதுகு காட்டுகிறாய்?" என்று ராஜா சீறினார்.

சோணாசலம் கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே பேசினார். "அவன் வரட்டும் மகாராசா. தெரியாத வீட்டுக்குள்ள நாம ஏன் போகணும்?"

"வாயில் எச்சிலோடு மகாராஜாவிடம் பேச்சா!" என்றார் தளவாய்.

"நீரு துப்பித் துப்பித்தானே ரெண்டு பேரப் படுக்க வெச்சீரு? எனக்கு மரியாதை தெரியாது. எம் முறை எப்ப முடியணும்னு மட்டும் தெரியும்." எல்லாக் காயும் அதனதன் இடத்தில் நிற்கிறதா என்று மறுபடியும் பார்த்த பிறகுதான் துப்பினார்.

எதிரே மெல்லும் சத்தம் தொடங்கியது. வேகமாக ஓடும் குதிரைக் காய் ஒன்று தன் கூட்டத்தை விட்டு முந்திவந்து பெரியகருப்பனைக் குத்தியது. வெளியே வாசலில் நின்ற நிஜப் பெரியகருப்பனின் தோளில் தானாகவே ரத்தம் வழிந்தது. அவனைத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள்.

"ஆளுக்கு ஒருவனாகப் பிரிந்து தாக்கு!" என்று தளவாய் கத்தினார்.

"அடிபட்டவனும் திருப்பி அடிப்பான் தளவாயே. செத்தவன்தான் சும்மா இருப்பான்," என்று சோணாசலம் மூன்று காய்களையும் அந்த ஒரு குதிரையின் மேலேயே ஏவினார். மேலிருந்து மங்கானின் அம்பு, முன்னாலிருந்து பெரியகருப்பனின் கேடயம், பக்கத்திலிருந்து அப்பாவுவின் வாள். குதிரை சாய்ந்தது. பிறகு சிவனம்மாளின் காயைப் பெரியகருப்பனுக்குப் பின்னால் ஒரு கட்டம் கொண்டுவந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தோள் காயம் வாய் மூடிக்கொண்டது.

யானைக் கொட்டடியிலிருந்து ஆள் ஓடிவந்தான். "காளிநாகன் எழுந்துட்டான்! பசிக்குதுங்கறான்!"

அடுத்த முறை எதிரி ஒரு நொண்டிக் காயைப் பள்ளக் கட்டத்தில் தனியாக விட்டான். கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"பிடி, பிடி! எடுத்துக்கொள்!" ராஜா எழுந்தே விட்டார்.

"வழியில சும்மா கெடக்குற எதையும் நான் நம்புறதில்ல மகாராசா. அங்க பாரும், அந்த மேட்டுக்குப் பின்னால எத்தன பேரு பதுங்கி நிக்கிறான்னு." சோணாசலம் ஒரு காயையும் நகர்த்தாமல் துப்பினார்.

காலி இருக்கையில் மெல்லும் சத்தம் கொஞ்சம் வேகமானது. பதுங்கியிருந்தவை பொறுக்க முடியாமல் ஒவ்வொன்றாகச் சந்துக்குள் வந்தன. வந்த ஒவ்வொன்றையும் மூன்று பேரும் சேர்ந்து சாய்த்தார்கள். சங்கிலியும் எழுந்துவிட்டான் என்று செய்தி வந்தது. கடைசியில் எதிரியிடம் ஒரே ஒரு காய் மிஞ்சியது, தலைக்காய்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்துக் காலி இருக்கையின்மேல் வீசினார். "தோற்கப்போகிறவனுக்கும் ஒரு பொன்னாடை!"

சால்வை இருக்கையில் விழவில்லை. தோளில் போர்த்தியதுபோல் அந்தரத்தில் நின்றது.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மெல்லும் சத்தம் கேட்டது. தலைக்காய் தவளைபோல எல்லோர் தலைக்கு மேலும் தாவி, சிவனம்மாள் நின்ற கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. எச்சில் விழுந்தது.

சோணாசலம் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தார். சிவனம்மாளை எங்கே தள்ளினாலும் அது தாவி எட்டிவிடும். குறுக்கே யாரை நிறுத்தினாலும் தாண்டிவிடும். இந்த முறையிலேயே அதைச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறையில் அவள் இல்லை. சாய்ப்பது சுலபம். மங்கானின் அம்புக்கு நேர் எதிரில்தான் அது நின்றது.

"விடு அம்பை!" என்றார் தளவாய்.

சோணாசலத்தின் கை போய்ப் பாதியில் நின்றது. இவ்வளவு சுலபமாக ஏன் நிற்கிறது? குனிந்து பார்த்தார். தலைக்காயின் கழுத்தில் ஒரு சரிகை நூல் மினுங்கிக்கொண்டே மரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவரை மொழுமொழுவென்றிருந்த முகத்தில் மூக்கு எழும்பியது, மீசை எழும்பியது. ஒற்றை விரலால் மெதுவாக அதைத் தள்ளிப் பார்த்தார்.

"சீக்கிரம் ஆகட்..." என்று சொல்லிக்கொண்டிருந்த ராஜா வாய் திறந்தபடி நின்றார். கண் இமைக்கவில்லை. விரலை எடுத்ததும், "...டும், என்ன தாமதம்?" என்று முடித்தார். நடுவில் நின்றது அவருக்கே தெரியவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

சோணாசலம் காயை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ராஜா தன் முகத்தைத் தானே பார்த்து மெல்ல உட்கார்ந்தார். அடித்தால் ராஜா போவார். அடிக்காமல் துப்பினால் சிவனம்மாள் போவாள்.

"சோணாசலம்," என்றார் ராஜா. "நான்... உன் ராஜா."

"தெரியும். அவ எம் பொண்டாட்டி."

தூணோரத்திலிருந்து சிவனம்மாள் சொன்னாள்: "என்னையப் பாக்காதீரும். பலகையப் பாரும்."

சோணாசலம் பலகையைப் பார்த்தார். இரண்டு படிக்கங்களையும் பார்த்தார். சட்டென்று வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, வெற்றிலையை முழுசாக வெளியே எடுத்தார். ராஜாவின் தங்க வெற்றிலைப் பெட்டியைத் திறந்து அதை உள்ளே வைத்து மூடினார்.

"அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போறேன்."

"என்ன அக்கிரமம்!" தளவாய் குதித்தார். "தாம்பூலம் வாயை விட்டு வந்துவிட்டது. முறை முடிந்தது!"

"புலவரே, என்ன எழுதியிருக்கு? இன்னொருவாட்டி வாசியும்."

"துப்பினால் முறை முடியும்," என்று வாசித்தார் புலவர்.

"நான் துப்புனேனா? எடுத்து வெச்சிருக்கேன். வெத்தல எடுக்காதவன் தோத்தான்னு இருக்கு. நான் எடுத்தாச்சு. எத்தன நாளைக்குள்ள துப்பணும்னு எங்கயாவது இருக்கா? இது எம் முறை. நடந்துக்கிட்டிருக்கு. நம்ம ஆளு எவனும் படுத்துக் கெடக்கல. நீரும் தோக்கல மகாராசா. சொன்னதெல்லாம் செஞ்சாச்சு."

எல்லோரும் காலி இருக்கையையே பார்த்தார்கள். எதிர்த்தட்டில் வெற்றிலை அப்படியே இருந்தது. மெல்லும் சத்தம் இல்லை. யாரோ எச்சிலை விழுங்கும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. பிறகு சால்வை தொய்ந்து இருக்கையில் விழுந்தது.

ராஜா முதலில் மூச்சு விட்டார். பிறகு சிரித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "துப்பாமலே ஜெயித்தவன் நீ ஒருவன்தான்! தளவாய், இனி இந்தப் பலகைக்கும் பெட்டிக்கும் நீர்தான் காவல். ஒரு காய் அசைந்தாலும் உம் வேட்டியிலிருந்துதான் அடுத்த நூல். சோணாசலம், ஆற்றங்கரை நிலம் உனக்கு. இந்தச் சால்வையும் உனக்கு."

"நிலத்தப் பாத்துட்டுச் சொல்றேன். சால்வை வேணாம். நீரும் போட்டுக்காதீரும்."

"இன்னும் என்ன சந்தேகம்? ஜெயித்துவிட்டாய் ஐயா!"

"ஜெயிக்கல மகாராசா. நிறுத்தி வெச்சிருக்கேன்." சோணாசலம் எழுந்து வேட்டியை உதறினார். உதிர்ந்த நூல் ஏதாவது தரையில் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். "வா புள்ள."

இருவரும் மண்டபத்தைக் கடந்து நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ராஜா சிரித்தார், சபை சிரித்தது, வேறு வழியில்லாமல் தளவாயும் சிரித்தார். ராஜா சிரிப்பை நிறுத்தியதும் சபை நிறுத்தியது. காலி இருக்கைப் பக்கமிருந்து ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி நின்றது.

"யாருங்க அது?" என்றாள் சிவனம்மாள்.

"திரும்பாத. நட," என்றார் சோணாசலம்.