முழு மதிப்பெண் வாங்கிய நோயாளி

இதய ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பூரணி மேடத்தை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவரிடம் தொழில் கற்க வந்த இளம் டாக்டர் கதிரேசன். சில நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இதுதான். ஆபரேஷனின்போது நோயாளியின் நெற்றியில் ஒரு சென்சார் ஒட்டுவார்கள். மூளைக்குப் போதுமான ஆக்சிஜன் போகிறதா என்று அது திரையில் எண்ணாகக் காட்டும். வைத்திலிங்கம் என்ற நோயாளியின் இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த எண் இறங்கத் தொடங்கியது. மேடம் அப்போது பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

வைத்திலிங்கம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். நர்ஸ் துடைத்துவிட்ட நெற்றியில், உள்ளே வரும்முன் மறுபடியும் திருநீறு பூசிக்கொண்ட மனுஷன். போன வாரமும் ஒருவருக்குத் திருநீற்றால்தான் எண் தப்பாகக் காட்டியது. இதுவும் அதுதான் என்று கதிரேசன் சென்சாரைப் பிய்த்தான், துடைத்தான், திரும்ப ஒட்டினான். எண் இறங்கிக்கொண்டே போனது. திரும்பி வந்த மேடம் சென்சாரைப் பார்க்கவே இல்லை. முதலில் ரத்த அழுத்தத்தை ஏற்றச் சொன்னார். எண் மெல்ல ஏறியது. அதற்குள் சில நிமிடங்கள் வீணாகிவிட்டிருந்தன.

அவர் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வைத்திலிங்கம் கண் விழித்தார். மூளைக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்று கதிரேசன் தினமும் போய், முப்பது மதிப்பெண்ணுக்குக் கேள்வி கேட்டுச் சோதித்தான். என்ன கிழமை என்று கேட்டான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான். முதலில் தடுமாறியவர், பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டார். அவன் மேடத்திடம் ஓடினான்.

"முப்பதுக்கு முப்பது மேடம். தப்பிச்சிட்டாரு."

மேடம் அவனையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு நடந்தார். வைத்திலிங்கத்தின் மனைவி கமலவேணி வராந்தாவில் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அவரு எதுக்கும்மா சண்டை போடுவாரு?" என்று அவரிடம் கேட்டார் மேடம்.

காபிக்குத்தான் என்றார் அந்த அம்மாள். டிகாக்‌ஷன் கொஞ்சம் நீர்த்திருந்தாலும் டம்ளரைத் தள்ளிவிடுவாராம். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காபியால் தான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னார்.

மேடம் கேன்டீனிலிருந்து ஒரு காபி வரவழைத்து, அதில் நிறைய வெந்நீரைக் கலந்தார். கமலவேணியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

வைத்திலிங்கம் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மேடம்.

"நல்லா இருக்கு."

கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கதிரேசன் மேடத்தின் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தான்.

"மேடம், என்னாலதானே?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"சரியாயிடுவாரா?"

"நிறைய பேருக்குச் சரியாகும். சில பேருக்கு ஆகாது. இவருக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. நாளையிலேருந்து அவருக்குக் காபி நீ கொண்டுபோய்க் கொடு. தண்ணியாவே கொடு. டம்ளரைத் தூக்கி உன் மேல வீசுவாரு பாரு, அன்னிக்கு வந்து சொல்லு, தப்பிச்சிட்டாருன்னு."