ஓட்டைக்கு ஒரு வரவேற்பு வளைவு

ஆலங்காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாள் காலை, விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. முதலில் பார்த்தது ஒரு தவளை. அதன் பிள்ளைகள், முந்நூறு தலைப்பிரட்டைகள், அந்தக் குளத்தில் இருந்தன. அவற்றுக்குக் கால் முளைக்க இன்னும் இருபது நாள் ஆகும். அதுவரை தண்ணீர் நிற்க வேண்டும். தவளை ஒரு கவளம் சேற்றை அள்ளிக்கொண்டு ஓட்டையிடம் போனது.

"யாரைக் கேட்டு அடைக்கிறே?" என்றது கரைக்குக் காவல் இருந்த கீரி.

தண்ணீர் ஒழுகுவதைத் தவளை காட்டியது. கீரி குனிந்து பார்த்து, ஒழுகத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இது அரசாங்கக் கரை, இதில் விழும் ஓட்டையும் அரசாங்கத்தைச் சேர்ந்தது, கண்டவர்கள் கைவைக்க முடியாது, வேண்டுமானால் மனு கொடுக்கலாம் என்று விளக்கியது. தவளை சேற்றைக் கீழே போட்டுவிட்டு மந்திரி நரியிடம் போனது.

நரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. கரையில் ஓட்டை எதுவும் இல்லை என்று போன மாதம்தான் சிங்கராஜாவிடம் தன் வாயாலேயே சொல்லியிருப்பதாகவும், ஆகவே ஓட்டை இருக்க வாய்ப்பில்லை என்றும் சொல்லி அனுப்பியது.

தவளை நான்கு நாள் அலைந்தது. நான்காம் நாள் ஓட்டைக்குள் ஒரு தேங்காய் நுழையும் போலிருந்தது. குளத்தில் ஒரு முழம் தண்ணீர் இறங்கிவிட்டது. இனிமேல் இல்லை என்று சொல்வது கஷ்டம் என்பதால், நரி அதை ஒரு விழாவாக்கிவிட்டது. ராஜாவே நேரில் வந்து ஓட்டையைப் பார்வையிடுவார் என்று காக்கைகள் காடு முழுக்கக் கத்திவிட்டு வந்தன.

ராஜா வந்தால் வரவேற்பு வளைவு வேண்டும். வளைவுக்குக் கம்பம் வேண்டும். கம்பத்துக்குக் குழி வேண்டும். குழி தோண்ட முள்ளம்பன்றி வந்தது. முதல் குழியைக் கரைக்கு வெளியே, தாழ்வான இடத்தில் தோண்டியது. அங்கே நட்டால் கரைமேல் நிற்கும் ராஜாவுக்கு வளைவு முழங்கால் உயரம்தான் வரும் என்று நரி திட்டியது. அந்தக் குழியை அப்படியே விட்டுவிட்டு, கரைமேல், ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று தோண்டச் சொன்னது.

தவளை முள்ளம்பன்றியிடம் ஓடிவந்தது.

"அண்ணே, இங்கே தோண்டினா கரை தாங்காது. என் பிள்ளைங்க உள்ளே இருக்கு."

"தெரியுது தங்கச்சி. ஓட்டை சரியா நடுவுல தெரியணும்னு உத்தரவு."

"உங்களுக்கே தெரியுதே, அப்புறம் என்ன?"

"தோண்டுறது என் உத்தியோகம். யோசிக்கிறது நரியாரோடது. அதை நான் செஞ்சா, இதை அவரா வந்து செய்வாரு?"

சிங்கராஜா வந்தார். மாலை போட யானை வந்தது. யானை கரைமேல் ஏறி, வளைவுக்கு அடியில் நின்று, துதிக்கையைத் தூக்கியது. மாலை ராஜாவின் கழுத்தில் விழுந்தது. கரையும் விழுந்தது.

வளைவு, கம்பம், மந்திரி எல்லாம் தண்ணீரோடு போய்ப் புதரில் சிக்கின. தவளை பிள்ளைகளைத் தேடித் தத்தியது. குளம் காலி. கரைக்கு வெளியே, வேண்டாம் என்று விட்ட அந்த முதல் குழி மட்டும் நிறைந்திருந்தது. அதற்குள் எண்பது தொண்ணூறு தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. மற்றவை எங்கே போயின என்று தவளைக்குத் தெரியவில்லை.

நரி உடம்பை உதறிக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தது. உடனே, மேட்டில் ஏறித் தப்பியிருந்த ராஜாவின் பக்கம் திரும்பி, தலைப்பிரட்டைகளின் நலன் கருதி அரசாங்கம் முன்கூட்டியே வெட்டிவைத்த குளம் இது என்று அறிவித்தது. ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"குறை ஏதாவது உண்டாம்மா?" என்று தவளையைக் கேட்டார்.

தவளை குழியைப் பார்த்தது. ஓரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மெல்ல நகர்ந்துபோய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணுமில்லைங்க ராஜா. நல்லா இருக்கோம்."

எல்லோரும் போன பிறகு எழுந்து, ஒரு கவளம் சேற்றால் அதை அடைத்தது.

கையில் சேறு இருக்கும்போதே ஓட்டையை அடைத்துவிட வேண்டும். மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வளர்வது ஓட்டைதான்.