கீழே நின்ற குரல்

மேட்டு மடத்தில் மாலைப் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் பூவாலிங்கம். ஆதிகுரு பாடிவைத்த பாட்டு அது. அந்தி சாயும்போது சீடர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். பூவாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார். அத்தனை பேரும் ஒரே சுருதியில், ஒரே குரலாகத் தொடருவார்கள். அவருக்கு வேறு பாட்டுத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

மடத்தின் குரு ஒரு பெண். அம்மை என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். பூவாலிங்கத்தைவிட வயதில் இளையவர். பூவாலிங்கத்தின் தலை நரைத்த பிறகுதான் அம்மை மடத்துக்கே வந்தார். வந்த சில வருஷங்களில் குருவாகிவிட்டார். அதில் பூவாலிங்கத்துக்கு வருத்தமில்லை. பாட்டு இருக்கிறது, அது போதும் என்று இருந்தார்.

ஒருநாள் கற்பூரம் வாங்க மலையிறங்கித் துறைமுகத்துக்குப் போனார். தொலைதேசத்துக் கப்பல் ஒன்று பாய் கிழிந்து கரையருகே நின்றிருந்தது. கப்பலாட்கள் நாலு பேர் மணலில் பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்தபடியே பாடினார்கள்.

பூவாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒருவன் ஓரிடத்தில் பாடுகிறான். பக்கத்தில் இருப்பவன் அவனுக்குக் கீழே எங்கேயோ பாடுகிறான். இன்னொருவன் மேலே. பாவம், ஒருத்தனுக்கும் சுருதி சேரவில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் கால் தானாக நின்றது.

அவர்கள் தவறவில்லை. வேண்டுமென்றே பிரிகிறார்கள். ஆளுக்கொரு வழியில் போகிறார்கள். போகிற வழியிலேயே ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிறார்கள். நாலு பேரும் சரியாக நிற்கும்போது, நாலு பேரில் யாரும் பாடாத ஒன்று அவர்களுக்கு மேலே எழும்புகிறது.

பாட்டு முடியும்வரை நின்றார். கற்பூரம் வாங்காமலே மலையேறினார்.

அன்று மாலை மடத்துப் பாட்டு அவருக்கு மெலிந்து கேட்டது. குற்றம் ஒன்றுமில்லை. எல்லோரும் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் உப்பில்லாத சோறு இத்தனை காலம் தின்றவனுக்கு உப்பு பட்டுவிட்டால் எப்படியோ, அப்படி இருந்தது.

மறுநாள் கற்பூரத்தைச் சாக்கிட்டுப் போனார். அடுத்த நாள் சாக்கு இல்லாமலே போனார்.

பாய் தைப்பவர்களில் செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் அவரைக் கவனித்துவிட்டான். உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். 'நீ பாடு' என்று இன்னொரு சைகை. பூவாலிங்கம் தயங்கித் தயங்கி மாலைப் பாட்டின் முதல் அடியைப் பாடினார். தாடிக்காரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி பாடச் சொன்னான். இந்தத் தடவை அவனும் சேர்ந்துகொண்டான், அவருக்குக் கொஞ்சம் கீழே.

பூவாலிங்கத்துக்குத் தன் குரலுக்கு அடியில் ஒரு தரை உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலையேறி வந்ததும் நேராக அம்மையிடம் போனார். அம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு பாட்டு என்னைக் கெடுத்துவிட்டது."

"எப்படி?"

"நம் பாட்டு எனக்கு இனிக்கவில்லை. இத்தனை வருஷம் நான் பாடியது பொய்யா?"

"அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு."

தொடங்கினார். இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டார்.

"தனியாகப் பாட வரவில்லை அம்மா. கூட ஒருத்தர் வேறு இடத்தில் நின்று பாட வேண்டும்."

"அப்படி நிற்கிறவர் நம் மடத்தில் இல்லையா?"

"இல்லை. இங்கே எல்லோரும் ஒரே குரல்."

"எல்லோருமா?" என்று கேட்டுவிட்டு, அம்மை மொச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை முதல்முறையாகப் பூவாலிங்கம் கண்ணைத் திறந்துகொண்டு பாடினார். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் சாத்தப்பன் நின்றிருந்தான். மடத்துச் சமையலுக்கு விறகு பிளந்து கொடுக்கும் சீடன். அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

காலையில் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார்.

"சாத்தப்பா, நீ பாடுவதே இல்லையா?"

"எனக்குக் கட்டைக் குரல் ஐயா. அந்தச் சுருதி எட்டாது. வந்த புதிதில் பாடினேன். பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். எட்டாதவன் வாயை மட்டும் அசைக்க வேண்டும், அதுதான் மடத்து வழக்கம் என்றார்கள்."

"அது எப்போது?"

"அப்போது தாடி கறுப்பு ஐயா."

பூவாலிங்கம் அவன் தாடியைப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"நான் பாடுகிறேன். நீ என் பின்னால் ஏறி வராதே. உனக்கு எங்கே சுகமாக வருமோ அங்கே நின்று பாடு."

"வழக்கம் ஐயா..."

"வழக்கம் வந்து விறகு பிளக்கட்டும். நீ பாடு."

சாத்தப்பன் கோடரியைக் கீழே வைத்தான். முதலில் குரல் உடைந்தது. இருமினான். வெட்கப்பட்டான். பூவாலிங்கம் விடவில்லை. இடம் தேடித் தேடி, ஒரு சமயம் அவன் குரல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. துறைமுகத்து மணலில் கேட்டது இங்கே விறகு மணக்கும் வெயிலில் எழும்பியது. பாடியது என்னவோ ஆதிகுருவின் பாட்டுதான்.

சாத்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை ஐயா" என்றான்.

பூவாலிங்கம் யாரோடோ இப்படிப் பாடுகிறார் என்ற செய்தி தாண்டவராயர் காதுக்கு எட்டியது. அவர் மடத்துக் காரியஸ்தர். கீழே இருக்கும் ஊர்களிலிருந்து மடத்துக்கு நெல் வருவது அவர் சொல்லில்தான். அம்மை இருக்கும்போதே வந்து பூவாலிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவோய், கப்பல்காரன் பாட்டை மடத்துக்குள் கொண்டுவருகிறீராமே?"

"பாட்டு நம்முடையதுதான். ஒரு சொல்லும் மாறவில்லை."

"சொல் மாறவில்லை. நீர் மாறிவிட்டீர். இதைவிட மேலான பாட்டு எங்கேயாவது உண்டா? ஆதிகுருவுக்குத் தெரியாததா அந்தக் கடலோடிக்குத் தெரியும்? குருபூசையன்று சபை முன்னால் சத்தியம் செய்யும். இனி பழையபடிதான் பாடுவேன் என்று சொல்லும். முடியாது என்றால் மூட்டையைக் கட்டும்."

அம்மை விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தார்.

தாண்டவராயர் போனதும் பூவாலிங்கம் பொருமினார். "அம்மா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்ன வார்த்தை?"

"பாடலாம் என்று. இல்லை, கூடாது என்றாவது."

"துறைமுகத்துக்கு என்னைக் கேட்டுக்கொண்டா போனாய்?"

பூவாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தோடேயே மலையிறங்கினார். துறைமுகத்தில் கப்பல் இல்லை. பாய் தைத்து முடிந்து, காற்றும் திரும்பி, அது போய்விட்டிருந்தது.

திரும்பி வந்தவரிடம் சாத்தப்பன் சொன்னான். "கப்பல்தான் போய்விட்டதே ஐயா. சத்தியம் செய்துவிடுங்கள். இந்த வயதில் உங்களுக்குப் போக்கிடம் ஏது?"

"கப்பல் போய்விட்டது. கேட்டது போகவில்லையே."

"ஒரு சத்தியம்தானே ஐயா."

"நீ பயப்படாதே. உன் பெயரை நான் எடுக்கமாட்டேன். கடைசி வரிசையில் எப்போதும்போல் நின்றுகொள். வெளியே போவது நானாக இருக்கட்டும்."

சாத்தப்பன் கோடரியை எடுத்து ஒரு கட்டையை ஓங்கி ஒரே போடாகப் போட்டான்.

குருபூசையன்று உச்சிவேளையில் மண்டபம் நிறைந்திருந்தது. ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அம்மை குருபீடத்தின் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தார். தாண்டவராயர் எழுந்தார்.

"பூவாலிங்கம், சத்தியம் செய்யும்."

பூவாலிங்கம் தன் மூட்டையோடு வந்திருந்தார். அதைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்ட காதைக் கேட்காத காதாக்கும் வித்தை எனக்குத் தெரியாது. உமக்குத் தெரிந்தால் சொல்லிக்கொடும்."

"திமிரா?"

"இருக்கட்டும்."

சபை சலசலத்தது. பூவாலிங்கம் பாட்டைத் தொடங்கினார். வழக்கமாகத் தொடரும் சீடர்கள் யாரும் தொடரவில்லை. எல்லோரும் தாண்டவராயரின் முகத்தைப் பார்த்தார்கள். முதல் அடி தனியாகவே போனது. போகட்டும், தனியாகவே பாடி முடிக்கிறேன் என்று இரண்டாம் அடியை எடுத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

தலைகள் திரும்பின. சாத்தப்பன் இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு பாடினான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. முன்வரிசையில் ஒரு முதியவர் காதைப் பொத்திக்கொண்டார். சிலர் எழுந்து வெளியேறினார்கள். "நிறுத்தச் சொல்லுங்கள்!" என்று யாரோ கத்தினார்கள். பூவாலிங்கம் இன்னும் மேலே போனார். சாத்தப்பன் அவர் பின்னால் போகவில்லை. தன் இடத்தில் அசையாமல் நின்றான். கத்தியவர் குரல் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனது.

கடைசிச் சொல்வரை பாடினார்கள்.

தாண்டவராயர் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"தீர்ப்பு உங்களுடையது. இது நம் பாட்டா, கப்பல்காரன் பாட்டா?"

"சாத்தப்பனைக் கேளுங்கள்" என்றார் அம்மை.

சாத்தப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "யார் பாட்டு என்று எனக்குத் தெரியாது அம்மா. நான் இன்றைக்குத்தான் பாடியிருக்கிறேன்."

அதுவே தீர்ப்பு என்பதுபோல் அம்மை தலையசைத்தார்.

"அப்படியானால் எங்கள் ஊர்களிலிருந்து இனி ஒரு பிடி நெல் வராது" என்றார் தாண்டவராயர்.

"மலைச்சரிவில் கேழ்வரகு விளையும்" என்றார் அம்மை.

தாண்டவராயர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர்க்காரர்கள் அவர் பின்னால் போனார்கள். சீடர்களிலும் சிலர் போனார்கள். மண்டபத்தில் பாதி காலியானது.

பூவாலிங்கத்தின் முகம் சிவந்து ஜொலித்தது. அம்மையின் முன் வந்து நின்றார்.

"அம்மா, ஜெயித்துவிட்டோம். இனி இந்த மடத்தில் எல்லோரும் இப்படித்தான் பாட வேண்டும். நானே பழக்குகிறேன்."

"மாட்டேன் என்கிறவர்களை?"

"விடமாட்டேன். இதைவிட மேலான பாட்டு எங்கே இருக்கிறது?"

அம்மை எழுந்தார். தாண்டவராயர் இறங்கிப் போகும் பாதையைக் கையால் காட்டினார்.

"அவரும் உன்னிடம் இதைத்தான் கேட்டார்."

பூவாலிங்கம் திடுக்கிட்டார். அந்தப் பாதையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்திலிருந்த சிவப்பு மெல்ல இறங்கியது.

"அம்மா, நாளைக்கு வேறொருத்தன் வேறொரு பாட்டோடு வந்து, நானும் காதைப் பொத்திக்கொண்டால்? அப்போது என்னை என்ன செய்வீர்கள்?"

"உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்றார் அம்மை. "அவனிடம், இன்னும் உரக்கப் பாடு என்பேன்."